நல்லெண்ணெய்க்கு மலாயில் என்ன பேர்?

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று ஒரு பத்துப் பன்னிரண்டு பேராவது தேடியிருப்பீர்கள் என நம்பிக்கொண்டிருந்தேன். போன் செய்தவர் ஒரே ஒருவர். காம்பாரில் இருக்கும் பழைய வாசகர்.

"என்ன சார், பித்தப்பைய எடுத்துட்டாங்களாமே?"

"ஆமாங்க. உள்ளே கல்லு. வீங்கிப் போயிருந்துச்சு. எடுத்துட்டாங்க."

"அப்போ இனிமே உங்களுக்குப் பித்தம் தலைக்கு ஏறாதுலா?"

சிரித்தேன். சிரித்ததும் தொப்புள் பக்கம் கொஞ்சம் இழுத்தது. அவர் விடவில்லை.

"அது இருக்கட்டும், இப்ப என்னா சாப்புடுறீங்க?"

என்ன சாப்பிடுகிறேன்... இதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் ஆபரேஷன் என்னைப் பெரிதாகப் படுத்தவில்லை. படுத்தியது சாப்பாடு. சாப்பாடு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைத் தப்பாகச் சொன்ன புண்ணியவான் அடியேன்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற கோர்ட் மொழிபெயர்ப்பாளன். முப்பத்தொரு வருடம் தமிழில் சொல்வதை மலாயிலும், மலாயில் கேட்பதைத் தமிழிலும் சொல்லியே சோறு தின்றவன். அந்த வேலையில் சட்டம் ஒன்றே ஒன்றுதான் - கூட்டாதே, குறைக்காதே. சாட்சி அழுதாலும் சரி, அவர் புளுகுகிறார் என்று உனக்கே தெரிந்தாலும் சரி, சொன்னது எதுவோ அதை அப்படியே சொல்ல வேண்டும். ஒருமுறை ஒருவர் "சும்மாதான் தட்டுனேன்" என்றார். அந்தச் "சும்மா"வுக்கு மலாயில் சரியான சொல் கிடைக்காமல் நடுக் கோர்ட்டில் அரை நிமிடம் முழித்துவிட்டு, மாஜிஸ்திரேட்டிடம் மன்னிப்புக் கேட்டு, அதற்கு ஒரு விளக்கவுரையே கொடுத்தேன். அவ்வளவு கறார்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கோப்பெங்கில் ஒரு கல்யாண விருந்து. ஆட்டிறைச்சிப் பிரட்டல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் காலை வலது விலாவுக்குக் கீழே யாரோ உள்ளே உட்கார்ந்து முறுக்குகிற மாதிரி ஒரு வலி. ஈப்போவில் ஆஸ்பத்திரிக்குப் போனால், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பையையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வயிற்றில் சின்னதாக நாலு ஓட்டை. அவ்வளவுதான் ஆபரேஷன்.

அந்த நேரம் பார்த்து வீட்டம்மா வீட்டில் இல்லை. ஜொகூரில் மகளுக்குப் பிரசவம். அங்கே பேத்தி பிறந்து ஆறாம் நாள்... இங்கே எனக்குக் கத்தி. "நான் கிளம்பி வரட்டுமா?" என்று அழாத குறையாகக் கேட்டாள். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு எப்படி வருவது? நானே வேண்டாம் என்றேன். என் அக்கா வருவாள் என்றேன்.

அக்கா பெயர் பாக்கியம். என்னைவிட எட்டு வயது மூத்தவள். கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். தோட்டத்தில் ரப்பரை அழித்துப் பாமாயிலுக்குச் செம்பனை போட்ட பிறகு டவுனுக்கு வந்து மகன் வீட்டில் இருக்கிறாள். மச்சான் தவறிப் போய் நாலு வருடம் ஆகிறது. நான் போன் செய்த மறுநாள் காலை பஸ் பிடித்து, கையில் ஒரு பெரிய பையோடு வார்டுக்கே வந்து நின்றாள்.

பைக்குள் என்ன? பூண்டு, மிளகு, சுக்கு, நெத்திலிக் கருவாடு. பெரிய பாட்டிலில் நல்லெண்ணெய்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தாய்க்கு முதல் பத்தியச் சோறு அக்கா கையால்தான். பூண்டும் மிளகும் அரைத்துவிட்டு, மேலே விரல் அகலத்துக்கு நல்லெண்ணெய் மிதக்க ஒரு குழம்பு வைப்பாள். "உள்ளே புண்ணு ஆறணும்லா, எண்ணெய்தான் ஆத்தும்" என்பாள். அதைச் சாப்பிட்டு எழுந்து நடந்த பெண்கள் இன்றைக்கும் அவளை எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அக்காவின் கணக்கு ரொம்ப எளிது. வயிற்றில் புண் என்றால் பத்தியம். பத்தியம் என்றால் நல்லெண்ணெய். புண் பிள்ளை பெற்றதால் வந்ததா, பித்தப்பையை எடுத்ததால் வந்ததா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பேச்சே இல்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, என்ன சாப்பிடலாம் என்று சொல்ல ஒரு டயட்டீஷியன் வந்தார். இளம் மலாய்ப் பெண். மெதுவான குரல். கையில் ஒரு தாள். பொரித்தது வேண்டாம், தேங்காய்ப்பால் வேண்டாம், கொழுப்பு வேண்டாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கோ மயக்க மருந்தின் மிச்சம்... கண் சொக்கிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு மலாய் தெரியாதா? நன்றாகவே தெரியும். பாசாரில் மீன்காரரோடு அவள் பேரம் பேசுவதைக் கேட்க வேண்டுமே! ஆனால் ஆஸ்பத்திரி என்றால் அவளுக்கு வாய் எழாது. அதோடு, கோர்ட்டில் வேலை பார்த்த தம்பி பக்கத்தில் இருக்கும்போது தான் பேசினால் மரியாதையா என்ன? என் தோளைத் தட்டினாள்.

"டேய், மிஸ்ஸிகிட்டே கேளு. நல்லெண்ணெ குடுக்கலாமா?"

தோட்டத்து வழக்கத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லோருமே அவளுக்கு மிஸ்ஸிதான். நானும் திரும்பி, முப்பத்தொரு வருட அனுபவத்தோடு, சுத்தமான மலாயில் கேட்டேன்.

"மிஞ்ஞாக் பாயிக், போலே?"

நல்ல எண்ணெய் கொடுக்கலாமா - இதுதான் நான் கேட்டது. அந்தப் பெண் என்ன சொல்வார்? கெட்ட எண்ணெய் கொடுங்கள் என்றா சொல்வார்? அழகாகச் சிரித்துக்கொண்டு, "போலே. சிக்கிட்-சிக்கிட் சாஜா" என்றார். கொடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக.

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெரிய டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கியது போல ஒரு நிறைவு. "சிக்கிட்" அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. விழுந்திருந்தாலும், அக்காவின் "கொஞ்சம்" எவ்வளவு என்பது அவள் குழம்பைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

அன்று மதியம் வீட்டில் முதல் பத்தியச் சோறு. ருசியைப் பற்றி என்ன சொல்ல... ஆஸ்பத்திரிக் கஞ்சி குடித்துச் செத்துப்போயிருந்த நாக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சாப்பிட்டேன். அக்கா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்புடிடா இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

ஒரு மணி நேரம். வயிறு மத்தளம் மாதிரி ஊதியது. அப்புறம் ஓட்டம். எங்கே என்று கேட்காதீர்கள், மரியாதைப்பட்ட பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆபரேஷன் செய்த வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடுவது எப்படி இருக்கும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள்.

முதல் நாள் தானே, சரியாகிவிடும் என்று இருந்தேன். இரண்டாம் நாள் நெத்திலிக் கருவாடு, அதே எண்ணெய், அதே ஓட்டம். மூன்றாம் நாள் காலை தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அடுப்புப் பக்கத்தில் அந்தப் பாட்டில். சும்மா கையில் எடுத்து லேபிளைப் பார்த்தேன். தமிழில் பெரிதாக நல்லெண்ணெய் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், மலாயில்: மிஞ்ஞாக் பீஜான்.

பீஜான் என்றால் எள். எள் எண்ணெய்!

அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எள்ளெண்ணெய்க்கு நாம் நல்லெண்ணெய் என்று பெயர் வைத்திருக்கிறோம். அது ஒரு பெயர், குணம் இல்லை. அதை நான் இரண்டாகப் பிட்டு, "நல்ல எண்ணெய்" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு, சரி என்றும் வாங்கிவிட்டேன். கோர்ட்டில் இதை வேறு யாராவது செய்திருந்தால் வெளியே கூப்பிட்டு ஒரு பிடி பிடித்திருப்பேன். இப்போது யாரை வெளியே கூப்பிடுவது?

உடனே அக்காவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். அவள் பின்பக்கம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அந்த எண்ணெய்..." என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளாகவே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஒனக்குத் தெரியாதுடா. ஒங்க மச்சானுக்குக் கிட்னி போனப்போ டாக்டரு ஒரு பேப்பரு குடுத்தாரு. அத சாப்புடாதே, இத சாப்புடாதே, உப்பு ஆவாது, புளி ஆவாது. நா எழுத்துக்கு எழுத்து அப்புடியே செஞ்சேன். ஒரு நாளு கெளுத்தி மீனு கொழம்பு வேணும்னாரு. ஒரே ஒரு நாளு. நல்லா ஆவட்டும், வச்சுத் தாரேன்னேன்."

பூண்டு உரிக்கிற கை நின்றது.

"நல்லாவே ஆவலடா. அந்தக் கஞ்சியோடயே போயிட்டாரு."

அவளே தொடர்ந்தாள்.

"பேப்பரப் பாத்து ஒரு மனுசனப் பட்டினி போட்டு அனுப்பிட்டேன். ஒன்னய அப்புடி விட மாட்டேன். நல்லவேள, மிஸ்ஸி அவங்க வாயாலேயே போலேன்னு சொல்லிட்டாங்க. அதான் எனக்கு நிம்மதி."

இப்போது நீங்களே சொல்லுங்கள். இதற்கு மேல் எண்ணெய்யைப் பற்றி நான் எப்படிப் பேசுவேன்? அந்த "போலே" தப்பான கேள்விக்குக் கிடைத்த பதில் என்று எந்த வாயால் சொல்வேன்? நாலு வருடமாகத் தூங்காத ஒருத்திக்கு இப்போதுதான் நிம்மதி கிடைத்திருக்கிறது. அதை நானே பிடுங்குவதா? வாயை மூடிக்கொண்டு வந்து படுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் நடித்தேன். பாதிச் சோற்றில் ஏப்பம் விடுவேன். குழம்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைப் பிசைவேன். தட்டில் எண்ணெய்யைச் சாய்த்து வடிப்பேன். எப்படி இருக்கிறது என்று கேட்டால், வேளை தவறாமல் "நல்லா இருக்குக்கா" என்பேன். ஓட்டம் வரும்போது குளிக்கப் போவதாகச் சொல்வேன். "ஒரு நாளைக்கு எத்தன வாட்டிடா குளிப்பே?" என்று ஒருநாள் கேட்டாள். ஈப்போ வெயில் என்று சமாளித்தேன். அன்று வெளியே நல்ல மழை.

போகப் போக, சாப்பாட்டு நேரம் வந்தாலே பயம். தட்டு வைக்கிற சத்தம் கேட்டால் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்வேன். பசி இருக்கும், சாப்பிடப் பயமாகவும் இருக்கும். இது எவ்வளவு கேவலமான நிலைமை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கன்னம் ஒட்டிப் போயிற்று. அக்கா அதைப் பார்த்துக் கவலைப்பட்டாள். கவலைப்பட்டு என்ன செய்தாள்? எண்ணெய்யைக் கூட்டினாள்!

வீட்டம்மா போனில் கேட்டாள், "சாப்பாடெல்லாம் எப்படிங்க?"

"பத்தியக் குழம்பு. பிரமாதம்."

"இங்கேயும் அதேதான் வைக்கிறேன். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே பத்தியமா?" என்று சிரித்தாள். மகள் பின்னால் இருந்து, "அப்பாவுக்குப் பால் ஊறுதான்னு கேளும்மா" என்றாள். வலியிலும் சிரித்துத் தொலைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரி. காயத்தைப் பார்த்த டாக்டர் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். ஆனால் எடையைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். டயட்டீஷியனைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். இந்த முறை அவருடைய அறையில். அதே பெண். அக்கா என் பக்கத்தில், மடியில் பையோடு.

"தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மலாயில் கேட்டார்.

சோறு, பூண்டுக் குழம்பு, மீன், நெத்திலி என்று வரிசையாகச் சொன்னேன். எண்ணெய்யை விட்டுவிட்டேன். ஆமாம், குறைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்தே.

அக்கா முழங்கையால் இடித்தாள். "எண்ணெய்ய விட்டுட்டியே. சொல்லு. அவங்க சொன்ன மாதிரியே ஊத்துறேன்னு சொல்லு."

சொன்னேன். வேறு வழி? அந்தப் பெண் என்ன எண்ணெய் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பைக்குள் கையை விட்டுப் பாட்டிலையே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். காட்டுவதற்கென்றே வீட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறாள்! அந்தப் பெண் லேபிளைப் படித்தார். "ஓ... மிஞ்ஞாக் பீஜான்" என்றார். ஒரு வேளைக்கு எத்தனை ஸ்பூன் என்று கேட்டார்.

"ஸ்பூனா?" என்றாள் அக்கா. "நா பாத்து ஊத்துவேன்." எப்படி என்று கையைச் சாய்த்துக் காட்டினாள். சாய்த்த கை சீக்கிரம் நிமிரவில்லை. அந்தப் பெண்ணின் கண்கள் அந்தக் கையோடு சேர்ந்து கீழே இறங்கின.

பாட்டிலில் கால்வாசிதான் இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாப்பிட்ட பிறகு வயிறு எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். "ஓகே" என்றேன். அவர் நம்பவில்லை.

"சிரிட்-பிரிட்?"

வயிற்றுப்போக்குக்கு மலாயில் இதுதான் சொல். பிள்ளை வளர்த்த எந்த அம்மாவுக்குத்தான் அது தெரியாது? அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"என்னடா, வயித்தால போவுதா ஒனக்கு?"

நான் தலையை ஆட்டினேன்.

"எத்தன நாளா?"

"வந்த நாள்லேர்ந்துக்கா."

அவள் மேசைமேல் இருந்த பாட்டிலை எடுத்து, மூடியை ஒரு தடவை இறுக்கித் திருகி, பைக்குள் வைத்தாள். அந்த ஒரு நிமிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தப் பெண்ணிடம் மலாயில், அக்காவிடம் தமிழில். அன்றைக்குக் கேட்ட கேள்வியே தப்பு, தப்பு என்னுடையது, மூன்றாம் நாளே தெரியும், சொல்லவில்லை. அந்தப் பெண் கோபப்படவில்லை. என்னைவிட அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பித்தநீரைச் சேர்த்து வைத்திருந்த பை இப்போது இல்லை, நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டிக்கொண்டேதான் இருக்கும், ஒரேயடியாக எண்ணெய் வந்தால் அதால் சமாளிக்க முடியாது என்று படம் போட்டு விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன், ஒரு சொல் விடாமல்.

அக்கா அந்தப் படத்தையே பார்த்தாள். "அப்போ தொட்டி இல்லாத பைப்பு மாதிரி. தண்ணி வரும், ஆனா வாளி நெரம்ப நேரமாவும்" என்றாள். அதையும் மலாயில் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கிளம்பலாம் என்று நான் எழுந்தபோது அக்கா எழவில்லை. முதல் முறையாக அவளே பேசினாள். பாசார் மலாயில், நேராக அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து. மச்சானுக்குக் கிட்னி போனது, பேப்பர் கொடுத்தது, அவர் மீன் குழம்பு கேட்டது, தான் கொடுக்காதது. கடைசியில், "சாயா சாலா கா, மிஸ்ஸி?" என்றாள். நான் செய்தது தப்பா?

யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நல்லவேளை, என்னால் முடிந்தும் இருக்காது.

அந்தப் பெண் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தாக் சாலா, மக்சிக்." தப்பில்லை, அம்மா. எது கூடாது என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம், அதை வைத்துக்கொண்டு வீட்டில் எப்படிச் சமைப்பது என்று உட்கார்ந்து பேச எங்களுக்கு நேரம் இருப்பதில்லை, அது எங்கள் குறை என்றார். பிறகு என் டயட் தாளைத் திருப்பி வெள்ளையாக இருந்த பின்பக்கத்தை அக்கா முன்னால் வைத்தார். நீங்கள் என்னென்ன சமைப்பீர்கள், சொல்லுங்கள், அதில் எதையெல்லாம் கொடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம் என்றார்.

இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். நான் நடுவில் இரண்டு மூன்று சொல்லுக்குத்தான் தேவைப்பட்டேன். பத்தியக் குழம்பு வைக்கலாம், ஆனால் எண்ணெய் ஒரு டீஸ்பூன்தான், அளந்து. மீனை ஆவியில் வேக வைக்கலாம். தோல் எடுத்த கோழி. இட்லி, குழைந்த சோறு. பீர்க்கங்காய், பூசணி. பழுத்த பப்பாளி. மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடாமல் ஐந்து வேளை கொஞ்சமாக. தேங்காய்ப்பாலும் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரேக் டீயும் இப்போதைக்கு வேண்டாம், வயிறு பழகப் பழக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். இது என் வயிற்றுக்கு எழுதியது. உங்கள் வயிற்றுக்கு உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என் மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள்.

மருந்து வாங்கும் இடத்தில் நீளமான வரிசை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கோபம் போலிருக்கிறது, நாளைக் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

"நீ எண்ணெய்ய மாத்திச் சொன்னதுக்கு நா வருத்தப்படல" என்றாள் திடீரென்று. "மனுசன்னா வாய் தவறும்லா."

"அப்புறம் என்னக்கா?"

"ஒங்க மச்சானும் இதேதான் சொல்லுவாரு. உப்பில்லாத கஞ்சி. குடிச்சிட்டு நல்லா இருக்கு பாக்கியம்னு சொல்லுவாரு. தெனமும். எனக்குத் தெரியாதா, அது நல்லாவே இல்லேன்னு? எனக்காகச் சொன்னாருன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பேச்சக் கேட்டுக் கேட்டுத்தான்டா எனக்கு மனசு ஆறல. நீயும் அதையே சொல்லிட்டியேடா."

அடி எங்கே விழுந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவள் மனம் நோகக் கூடாது என்றுதானே பத்துப் பன்னிரண்டு நாள் நடித்தேன்? அவளை நாலு வருடமாக நோகடித்துக்கொண்டிருந்த அதே வார்த்தையைத்தான் வேளா வேளைக்கு அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். "இனிமே சொல்ல மாட்டேன்க்கா" என்றேன். சின்னப் பையன் மாதிரிதான் இருந்தது. இருக்கட்டுமே.

சமைப்பவர் மனம் கோணக் கூடாது என்று நாம் எல்லோருமே இப்படித்தான் பழகியிருக்கிறோம். விருந்துக்குப் போன வீட்டில் "நல்லா இருக்கு" என்று சொல்லுங்கள், தப்பில்லை, நாளைக்கு நீங்கள் அங்கே சாப்பிடப் போவதில்லை. ஆனால் உங்களுக்காகவே உலை வைக்கிற ஒருவரிடம்? "எனக்கு ஒத்துக்கல" என்று சொல்வதற்கு எவ்வளவு பெரிய உரிமை வேண்டியிருக்கிறது பாருங்கள். அது நம்மிடம் இருந்தும் நாம் பயன்படுத்துவதில்லை.

மறுநாள் காலை அக்கா பஸ்ஸுக்குப் போகவில்லை. பாசாருக்குப் போனாள். மதியம் குழைந்த சோறு, மிளகு தூவி ஆவியில் வேக வைத்த மீன், பீர்க்கங்காய்க் கூட்டு. கரண்டி பிடித்துப் பழகிய கையில் ஒரு டீஸ்பூன். அதில் எண்ணெய்யை அளந்து ஊற்றும்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

எதிரில் வந்து உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயப்படுகிறாள் என்று புரிந்தது. ஒரு வாய் சாப்பிட்டேன். இன்னொரு வாய். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா..."

"என்னடா?"

"உப்பு கம்மியா இருக்கு. கூட்டு வேகவே இல்ல. மீனு மட்டும் பரவால்ல."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, உப்பு ஜாடியைக் கொண்டு வந்து என் முன்னால் 'ணங்' என்று வைத்தாள்.

"வாய் நீளுதா ஒனக்கு? அப்ப சரி. இனிமே நீ பொழச்சுக்குவே."

உங்கள் வீட்டில் யாராவது உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறாரா? எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்கு" என்றே சொல்கிறாரா? ...தயவுசெய்து பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்னொரு தடவை கேளுங்கள்.